எழுதாத இரண்டு மாதங்கள்

ஆகஸ்ட் 21, வியாழன். பெரம்பலூர்.

பழைய துறைமுகம் ஒன்றின் சுங்கப் பதிவேட்டில் இரண்டு மாதங்களுக்கு எழுத்தே இல்லை. புயலில் துறைமுகம் மூடிக் கிடந்தது என்று என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே எழுதிவிட்டேன். இன்று ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த நகல்களில், துறைமுக அதிகாரி மேலிடத்துக்கு எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. குமாஸ்தா காய்ச்சலில் படுத்துவிட்டாராம். கப்பல்கள் வழக்கம்போல் வந்திருக்கின்றன. பதிவேடு எழுதத்தான் ஆள் இல்லை.

திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். நெறியாளருக்குப் போன் செய்து கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

“அந்தக் கடுதாசியை யாரும்மா தேடிப் படிக்கப் போறாங்க? இந்த வயசுல இன்னும் ஒரு வருசம் இழுக்கப் போறீங்களா?”

சரிங்க சார் என்று வைத்துவிட்டேன்.

அரியலூரிலிருந்து அக்கா கூப்பிட்டாள். “டாக்டரம்மா, தெரு பூரா சொல்லிட்டேன்டி. பிரியாணி எப்ப?” அடுத்த வாரம் என்றேன்.

பிறகு அந்த அத்தியாயத்தைப் படித்தேன். கவிழ்ந்த படகுகளைக்கூட எழுதியிருக்கிறேன். அவற்றுக்கு ஒரு ஆதாரமும் கிடையாது. எழுதும்போது அது எனக்கு உறைக்கவே இல்லை. மற்ற அத்தியாயங்களிலும் இப்படிச் செய்திருப்பேனோ என்று முதலிலிருந்து பார்க்க உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது.