அப்பா, நீங்கள் திரும்பச் சொல்லுங்கள்

அப்பா, நேற்றைய பேச்சுக்குப் பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை, முதல் ஃபெர்ரிப் படகுக்கே வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாம்பார் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக்கொள்ளுங்கள். புது இன்சுலினை ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வைத்திருக்கிறேன். போன தடவை மாதிரி ஐஸ் பெட்டிக்குள் தள்ளிவிடாதீர்கள்.

"நர்ஸாகணும்னு சொல்லிட்டு ஃபார்மசியில மாத்திரை எடுத்துக் குடுக்குற, இது என்னா படிப்புலா?" என்று நேற்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லும்போதே டிவி சத்தத்தைக் கூட்டினீர்கள். ஃபார்மசிப் பயிற்சி முடிந்ததும் நர்சிங் காலேஜுக்குத்தான் போவேன். மருந்து தெரியாமல் வார்டில் நிற்க எனக்குப் பயம், அவ்வளவுதான்.

எங்கள் கவுண்டரில், சொன்னதை நோயாளி தன் வாயால் திரும்பச் சொன்னால்தான் மருந்தைக் கையில் கொடுப்போம். சாயங்காலம் நான் வந்ததும், இந்தச் சீட்டில் நான் சொன்னதை நீங்கள் திரும்பச் சொல்லுங்கள்.

துளசி

பி.கு: தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. அதற்குக் கோபப்படக் கூடாது, முதலிலிருந்து மறுபடி சொல்ல வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.