வேரோனிக்கா, அவரை ஏசும்

வோபர்ன், ஸ்காபரோ
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள வேரோனிக்காவுக்கு,

குணவதி அன்ரி எழுதுவது. நீரும் உம்முடைய அம்மாவும் சுகமாய் இருக்கவேணும் எண்டு முருகனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதிறன். நீர் படம் எடுக்க வந்து தங்கியிருந்த பேஸ்மென்ட் அறை இன்னும் அப்பிடியே கிடக்கு. வாடகைக்குக் குடுப்பம் எண்டு நான் சொன்னாலும் இவர், உம்முடைய இரத்தினவேல் அங்கிள், விடுறாரில்லை. நீர் திரும்பி வருவீராம்.

இந்தக் கடிதத்தைச் சாம்பவிதான் உமக்கு ஜெர்மன் பாஷையிலை வாசிச்சுக் காட்டுவா. சாம்பவி, பிள்ளை, நீ ஜெர்மனியிலை பிறந்து வளந்தாலும் உன்ரை தமிழ் வடிவான தமிழ். அதாலைதான் உன்னை நம்பி எழுதிறன். நான் கோபமாய் எழுதின இடத்தை நீயும் கோபமாய் வாசிக்கவேணும். நீங்கள் ரெண்டு பேரும் சேந்து படக்கதை எழுதின மாதிரி இதையும் வெட்டித் திருத்திப் போடாதை.

ஏன் அன்ரி போன் எடுத்துக் கதைக்கேல்லை எண்டு யோசிப்பீர். வீட்டிலை எந்த மூலையிலை நிண்டு கதைச்சாலும் இவருக்குக் கேக்கும். நெஞ்சுதான் பழுது, காது பாம்புக் காது. மரக்கறி வாங்கப் போறன் எண்டு பொய் சொல்லிப்போட்டு வந்து லைப்ரரியிலை இருந்து எழுதிறன். முடிச்சவுடனை போனிலை படம் பிடிச்சுச் சாம்பவிக்கு அனுப்பிவிடுவன். எனக்கு முன்னாலை ஒரு பொடிச்சி பாடம் படிக்கிறாள். நான் மூக்கை உறிஞ்சுறதைப் பாத்து ஒரு ரிஷ்யூப் பெட்டியைத் தள்ளி வச்சிட்டாள்.

விசயத்துக்கு வாறன். இவர் ஒப்பரேசன் வேண்டாம் எண்டிட்டார்.

நெஞ்சு வால்வு ஒண்டு சுருங்கிப்போச்சு எண்டு உமக்குத் தெரியும். நீர் இருக்கேக்கையே பேஸ்மென்ட் படி ஏறினால் மூச்சு வாங்கிறவர். இப்ப கட்டிலிலை இருந்து எழும்பி செருப்பைப் போட்டாலே வாங்குது. வாற மாதம் நெஞ்சைத் திறந்து புது வால்வு வைக்க டொக்டர் திகதி குறிச்சுத் தந்தவர். வச்சால் கன காலம் இருக்கலாம், விட்டால் வாற பனிக்காலம் தாண்டுறது கஷ்டம் எண்டு ஒளிக்காமல் சொன்னவர். இவர் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டிப்போட்டு, வீட்டை வந்து சப்பாத்தும் கழட்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, எனக்கு வேண்டாம், அந்தத் திகதியை வேறை ஆருக்கும் குடுங்கோ எண்டு சொல்லியிருக்கிறார். பஸ்ஸிலை சீற்றை விட்டுக்குடுக்கிற மாதிரி!

மகன் ராகுலன் அஜக்ஸிலை இருந்து வேலையையும் விட்டிட்டு ஓடி வந்தான். ஆஸ்பத்திரிக்காரரோடை கெஞ்சி, திகதியை வெட்டாமல் பிடிச்சு வச்சிருக்கிறான். வெள்ளிக்கிழமைக்குள்ளை இவர் தன்ரை வாயாலை ஓம் எண்டு சொல்லவேணும். இல்லாட்டில் அந்த இடம் மற்ற ஆளுக்குப் போயிடும். பிறகு எப்ப கிடைக்குமோ, அது வரைக்கும் இவர் இருப்பாரோ.

உம்மிலை பழி போடுறன் எண்டு நினையாதையும். ஆனால் போடுறன்தான்.

உம்முடைய படக்கதையை நீர் முதல் சொல்லேக்கை நானும் சிரிச்சனான். றொபேட் எண்டு ஒரு ஜெர்மன் கிழவன். அகதி முகாமிலை காவல்காரனாய் நிக்கேக்கை பழகின தமிழ்ச் சிநேகிதன் டொரன்டோவிலை செத்துப்போனான் எண்டு கேள்விப்பட்டுச் செத்தவீட்டுக்கு வாறான். அங்கை அவன் ஆரெண்டு ஒரு சனத்துக்கும் தெரியாது. சம்பந்தி பகுதியாக்கும் எண்டு நினைச்சு முன்வரிசையிலை இருத்தி வைக்கினம். எல்லாம் நல்ல பகிடி. ஆனால் படத்துக்குச் சவப்பெட்டியிலை படுக்க ஒரு ஆள் வேணுமே! படத்திலை முகம் வரும் எண்டவுடனை ஓம் எண்டு வந்த ஆம்பிளையள் எல்லாரும், பெட்டி எண்டவுடனை மனிசிமாரைச் சாட்டி நழுவிட்டினம். பிழையில்லை. உயிரோடை இருக்கிறவனைப் பெட்டியிலை படுக்க வச்சு மாலை போடுறது எங்கடை ஆக்களுக்கு விளையாட்டில்லை.

இவர் மட்டும் என்னை ஒரு சொல்லுக் கேக்காமல் ஓம் எண்டிட்டார். உமக்காகத்தான். முந்தித் தானும் ஜெர்மனியிலை முகாமிலை கிடந்தவர் தானே, அந்தக் காலத்து ஜெர்மன் சொல்லுகளை உம்மோடை கதைக்கக் கிடைச்சதே பெரிய சந்தோசம். இவருக்குத் தெரிஞ்சது, பொறுத்திரு, கையெழுத்துப் போடு, அடுத்த ஆள் வா, உருளைக்கிழங்கு, இவ்வளவுதான். அதை வச்சுக்கொண்டு குசினியிலை ரெண்டு பேரும் பின்னேரம் முழுக்கச் சிரிப்பியள். நான் புட்டு அவிச்சுக்கொண்டு நிண்டு பாத்தனான். இவருக்கு வயது போன காலத்திலை ஒரு சிநேகிதம் கிடைச்சுதே எண்டு எனக்கும் உள்ளுக்குள்ளை சந்தோசம்தான், சொல்லேல்லை. அந்தச் சினேகிதிக்காகப் பெட்டியிலை படுக்கவேண்டாம் எண்டு நான் ரெண்டு நேரம் சாப்பிடாமல் இருந்து பாத்தன். இவர் எனக்குப் பக்கத்திலை இருந்து வடிவாய்ச் சாப்பிட்டார்.

கடைசியிலை நான் கேட்டது ஒண்டே ஒண்டு. வாய்க்கரிசி மட்டும் போடக்கூடாது. நீரும் என்ரை கையைப் பிடிச்சு, அன்ரி, கமரா வேறை பக்கம் பாக்கும், ஒருத்தரும் போடமாட்டினம் எண்டு சொன்னனீர். ஆனால் படத்திலை சனமாய் நிக்கக் கோயிலாலை வந்த ஆக்களுக்கு நடிக்கிறதெண்டால் என்னெண்டு தெரியுமே? வரிசையிலை வந்தா, கை தன்பாட்டிலை அரிசியை அள்ளும். முதல் வந்த கிழவர் தேவாரத்தை முணுமுணுத்துக்கொண்டு இவரின்ரை வாயிலை உண்மையாய்ப் போட்டார். நான் கமராவுக்குப் பின்னாலை இவரின்ரை கண்ணாடியையும் மருந்துக் குளிசைப் போத்தலையும் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். கத்தினனான். நீங்கள் எல்லாரும் நான் நடிக்கிறன் எண்டு நினைச்சு, நல்லாயிருக்கு எண்டு சொன்னனீங்கள்.

அரிசியைக் கூட நான் மறந்திருப்பன் வேரோனிக்கா. மற்றதுதான் எங்களைக் கெடுத்தது. செத்தவரைத் தெரிஞ்ச ஆக்கள் மாதிரி மைக்கிலை வந்து மனசிலை வாறதைக் கதையுங்கோ, எழுதிப் பாடமாக்கவேண்டாம் எண்டு நீர் சொன்னனீர். எங்கடை சனத்திட்டை மைக்கைக் குடுத்து மனசிலை வாறதைச் சொல்லுங்கோ எண்டால்! அவையளுக்குச் செத்தவர் எண்டு ஒரு கற்பனை ஆள் மனசிலை வரேல்லை. பெட்டியிலை கிடக்கிற இரத்தினவேலைத்தான் தெரியும். இவரோடை பேக்கரியிலை வேலை செய்த ஆள் வந்து, தனக்குக் கை வெந்தபோது ரெண்டு மாதமாய்த் தன்ரை தட்டையும் இவரே தூக்கினவர் எண்டு அழுதார். தமிழ்ப் பள்ளிக்கூடத்து ரீச்சர் வந்து, குளிருக்குள்ளை பிள்ளையளைக் காரிலை ஏத்தி இறக்கினதைச் சொன்னா. எனக்கே தெரியாத கதையள். இவர் வீட்டிலை ஒண்டும் சொல்லுறேல்லை.

பிறகு சிவகடாட்சம் வந்தார். இவரின்ரை கூடப்பிறந்த தம்பி. ஊர்க் காணி விசயத்திலை சண்டை பிடிச்சுக்கொண்டு, பக்கத்து மோர்னிங்சைட்டிலை இருந்தும் இந்த வாசல் மிதியாத ஆள். படத்திலை தன்ரை பேத்தி வாறாள் எண்டு பாக்க வந்தவர். ஒருத்தரும் கூப்பிடேல்லை, தானாய் எழும்பி மைக்குக்கு வந்தார். வந்து, அண்ணை, உங்களோடை கதைக்காமல் இருந்ததுக்கு என்னை மன்னியுங்கோ எண்டு சொல்லிப் பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு அழுதார். இவரின்ரை கண்ணாலை தண்ணி வழிஞ்சு காதுக்குள்ளை போனதை நான் பாத்தன். நீர் அதைப் பாத்தனீரோ தெரியாது. பிரேதம் அழுதால் படத்துக்கு உதவாது.

நீர் கட் எண்டு சொன்னவுடனை என்ன நடந்தது? எல்லாரும் கண்ணைத் துடைச்சுப்போட்டு ரோல்ஸ் தின்ன லைனிலை போய் நிண்டினம். இவர் பெட்டிக்குள்ளை எழும்பி இருந்து தம்பியைத் தேடினார். தம்பி காரை எடுத்துக்கொண்டு போயிட்டார். அண்டைக்குப் பிறகு ஒரு போன் இல்லை, ஒரு எட்டு இல்லை. இவர் போன் அடிச்சும் தம்பி எடுக்கேல்லை.

அதுதான் இவரின்ரை தலைக்குள்ளை ஏறிட்டுது. நான் ஏன் ஒப்பரேசன் வேண்டாம் எண்டு கேட்டதுக்கு இவர் ஆறுதலாய்ச் சொன்ன மறுமொழி இது. ஒருக்கால் படுத்துப் பாத்திட்டாராம், பயமில்லையாம். படுத்துக் கிடக்கேக்கை எல்லாரும் வந்தவையாம், எழும்பினவுடனை எல்லாரும் போயிட்டினமாம். சொல்லவேண்டியது எல்லாம் சொல்லியாச்சாம். இனி நெஞ்சைக் கிழிச்சு, குழாய் பூட்டி, எழும்பி வந்து என்னத்தைக் கேக்கப்போறாராம். இதைக் கவலையாய்ச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வராது. சிரிச்சுக்கொண்டு சொன்னார்.

இவர் இப்ப படுக்கிற விதமே வேறை. முந்தி ஒருக்களிச்சு, வாயைத் திறந்து, குறட்டை விட்டு வீட்டைத் தூக்குவார். இப்ப நிமிந்து படுத்துக் கையை நெஞ்சிலை கோத்து வச்சிருக்கிறார். நீர் காட்டிக் குடுத்த மாதிரியே. போன கிழமை பகல் நான் பால் வாங்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தால் சோபாவிலை அப்பிடிக் கிடக்கிறார். பால் பெட்டி கையாலை விழுந்து, பால் குசினி வரைக்கும் ஓடினது. நான் குளறினது கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினம். இவர் ஒரு கண்ணைத் திறந்து, தேத்தண்ணி போடுறியோ எண்டு கேட்டார்.

படத்துக்கெண்டு செய்த, மாலை போட்ட தன்ரை பெரிய போட்டோவையும் நினைவுக்கெண்டு கேட்டு வாங்கி வந்து வைச்சிருந்தவர். நான் மாலையைப் பிய்ச்சுக் குப்பையிலை எறிஞ்சிட்டு, போட்டோவைத் துணி அலுமாரிக்குப் பின்னாலை ஒளிச்சு வச்சிருக்கிறன். உடுப்பு எடுக்கேக்கை அந்தப் பக்கம் பாக்கப் பயம். பாத்திரம் கழுவேக்கை இவர் இருமினால் பயம், இருமாட்டில் அதைவிடப் பயம். தண்ணியை நிப்பாட்டிப்போட்டு மூச்சுச் சத்தம் கேக்குதோ எண்டு காது குடுக்கிறதுதான் இப்ப என்ரை வேலை.

இப்ப உம்மோடை எனக்கு இருக்கிற கோபத்துக்கு வாறன். சாம்பவி, இந்த இடத்திலை குரலைக் குறைக்காதை. போன ஞாயிற்றுக்கிழமை இவர் உமக்குப் போன் எடுத்து, தனக்குத் தெரிஞ்ச இங்கிலிசிலை, ஒப்பரேசன் வேண்டாம் எண்டு சொன்னவர். நீர் என்ன சொன்னனீர்? அது அங்கிளின்ரை முடிவு, அதை நான் மதிக்கிறன் எண்டு சொன்னீராம். இவர் போனை வச்சிட்டு, பாத்தியோ, சினேகிதம் எண்டால் இது எண்டு எனக்குச் சொல்லுறார். எனக்கு உம்மை அந்த நேரம் பேஸ்மென்ட்டிலை வச்சுப் பூட்டவேணும் போலை இருந்தது.

உங்கடை ஊரிலை அது மரியாதையாய் இருக்கலாம். ராகுலனும் அப்பிடித்தான் சொல்லுறான், அவையள் மற்றவனின்ரை விசயத்திலை தலை போடமாட்டினம் அம்மா எண்டு. எங்களிட்டை அப்பிடி இல்லைப் பிள்ளை. ஒருத்தன் சாகப்போறன் எண்டு சொன்னால், சினேகிதன் எண்டவன் மதிக்கமாட்டான். விசரோ உனக்கு எண்டு கேப்பான். வீட்டை வந்து கதவைத் தட்டி, கையிலை பிடிச்சு இழுத்துக் காரிலை ஏத்துவான். ஆரும் ஏசாட்டில், தான் ஒருத்தருக்கும் தேவையில்லை எண்டுதான் எங்கடை மனிசர் நினைப்பினம். நீர் மதிச்ச மதிப்பு இவருக்கு அப்பிடித்தான் விளங்கியிருக்கு. வாயாலை சொல்லமாட்டார், போனை வச்சாப் பிறகு ஜன்னலுக்கு வெளியாலை கனநேரம் பாத்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் ஏன் ஏசேல்லை அன்ரி எண்டு கேப்பீர். நான் கலியாணம் கட்டின நாளிலை இருந்து ஏசிறன். உப்புக்கு ஏசினன், மழைக்குக் குடை கொண்டுபோகாததுக்கு ஏசினன், இதுக்கும் ஏசினன். என்ரை ஏச்சு இவருக்கு றேடியோ மாதிரி, பின்னாலை ஓடிக்கொண்டிருக்கும், ஒண்டும் காதிலை ஏறாது. உம்முடையது புதுசு. நீர் இவரை ஒருநாளும் ஏசினதில்லை. சிவகடாட்சத்துக்கும் ராகுலன் சொல்லிவிட்டவன், இன்னும் ஆளைக் காணேல்லை. அவரை நம்பி இருக்க எனக்கு நாள் இல்லை.

பொய் சொல்லச் சொல்லிக் கேக்கேல்லை. நீர் பொய் சொல்லமாட்டீர் எண்டும் தெரியும். வெள்ளிக்கிழமைக்கு முதல் போன் எடும். எடுத்துச் சத்தம் போட்டு ஏசும். தெரிஞ்ச ஜெர்மன் கெட்ட வார்த்தை எல்லாத்தையும் சொல்லும், இவருக்கு உருளைக்கிழங்கைத் தவிர ஒண்டும் விளங்காது. உமக்குக் கோபம் வந்தது மட்டும் விளங்கட்டும். நீர் அழுதாலும் பரவாயில்லை. உயிரோடை இருக்கிற இரத்தினவேலுக்கு ஒருத்தர் அழுகிறார் எண்டு இவர் ஒருக்கால் கேக்கட்டும்.

நீரும் உம்மடை படமும் நல்லா இருக்கவேணும் பிள்ளை. கோபத்திலை எழுதினதை மனசிலை வைச்சிருக்காதையும்.

உம்மையே நம்பியிருக்கிற,
குணவதி அன்ரி

சாம்பவி, இது உனக்கு மட்டும். வேரோனிக்கா ஏசி முடிச்ச பிறகு போனை நீ வாங்கு. வாங்கி, கீழை இருக்கிறதை அங்கிளுக்குத் தமிழிலை வாசி. அன்ரி எழுதினது எண்டு சொல்லு. நேரை சொல்லுவம் எண்டு எத்தினை தரம் வாயைத் திறந்தாலும் எனக்கு ஏச்சாய்த்தான் வருது. நீ வாசிக்கிற நேரம் நான் குசினியிலை பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு, ஒண்டும் கேளாத மாதிரி நிப்பன்.

இஞ்சருங்கோ. மற்ற எல்லாரும் நீங்கள் பெட்டியிலை கிடக்கேக்கை சொன்னவை. நான் நீங்கள் இருக்கேக்கையே சொல்லுறன். நீங்கள் இல்லாத வீட்டிலை இருக்க எனக்குப் பயமாய் இருக்கு. ஓம் எண்டு சொல்லுங்கோ.