நீ தோற்கத் தோற்க நான் ஏற்றிய வேண்டுதல்

ஃபேரர் பார்க்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் நிரஞ்சனாவுக்கு,

அப்பா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நானும் அம்மாவும் இங்கே நன்றாகத்தான் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீயும் அங்கே நலமாக, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டாவது இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். நான் நீளமாக எதையாவது அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய், போனில் பேசினாலோ இரண்டு நிமிடத்தில் கணக்கு பேசி என் வாயை அடைத்துவிடுகிறாய். உன் சிநேகிதி வைஷாலி வியாழக்கிழமை வான்கூவர் திரும்புகிறாளாம், தேக்கா மார்க்கெட்டில் அவள் அம்மாவைப் பார்த்தேன். முறுக்கும் சாம்பார்ப் பொடியும் கொடுத்துவிடுகிறோம், அந்தப் பையிலேயே இதையும் வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

இங்கே பொங்கலுக்கு விளக்கெல்லாம் போட்டுவிட்டார்கள், சிராங்கூன் ரோட்டில் நடக்க இடமில்லை, கரும்புக் கட்டு தோளில் இடிக்கிறது. மழையும் விட்டபாடில்லை, அம்மாவுக்கு முட்டிவலி மழையோடு வந்து மழையோடு போகிறது. நான் இன்னும் வாரத்தில் மூன்று நாள் பாசிர் ரிஸ் காண்டோ அடுக்குமாடி அலுவலகத்துக்குப் போய் வருகிறேன், ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அதுவே எனக்குத் தூங்கும் நேரம். போன வாரம் குவீன்ஸ்டவுனில் சுப்பிரமணியம் மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். மாமா மகன் நிதீஷுக்குப் புது வீட்டுச் சாவி வந்துவிட்டது, என்ன டைல்ஸ் போடுவது என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். நிரு என்ன செய்கிறாள் என்று மாமா கேட்டார். அம்மா கம்ப்யூட்டர் வேலை என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம், கம்ப்யூட்டரில் பணம் வைத்துப் போக்கர் சீட்டு விளையாடுகிறாள், அதுதான் அவள் தொழில் என்று சொல்லிவிட்டேன். மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அங்கயும் கேசினோ இருக்கா?" என்றார். திரும்பும் ரயிலில் அம்மா என்னை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை நீ கூப்பிட்டபோது இங்கே நாங்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம், அங்கே உனக்கு இன்னும் விடிந்திருக்கவில்லை. செப்டம்பரிலிருந்து ஒரு மாதம்கூட லாபம் ஏறவில்லை என்றாய். என் கையெழுத்தில்லாமல் எடுக்க முடியாதபடி நம் இரண்டு பேர் பெயரிலும் வங்கியில் நீ போட்டு வைத்திருக்கிற பணத்தை அனுப்பச் சொன்னாய். பெரிய பந்தய மேசைகளில் உட்கார்ந்து போனதைத் திருப்பிவிடுவேன், மறுபடி அங்கேயே போட்டுவிடுவேன் என்றாய். "ப்ளீஸ் லா அப்பா, ரெண்டே வாரம்" என்றபோது உன் குரல் உடைந்தது. நான் பார்க்கலாம் என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து உன் பெயர் போனில் வந்தும் இரண்டு தடவை வேண்டுமென்றே எடுக்கவில்லை. பெற்ற பிள்ளையின் போனை எடுக்கப் பயப்படுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தால் அலுப்பாக இருக்கிறது நிரு, கோபம்கூட வரவில்லை.

அந்தப் பணத்தை ஏன் என்னிடம் வைத்தாய் என்று உனக்கு நினைவிருக்கும். வேலையை விட்டுவிட்டு வான்கூவர் கிளம்புவதற்கு முந்தின வாரம் சாப்பாட்டு மேசையில் பத்துக் காசு ஒன்றைச் சுண்டிச் சுண்டிக் காட்டினாய். ஒரே பக்கமாக விழுந்துகொண்டே இருந்தது. பாத்தீங்களாப்பா, நான் ஒரு தப்பும் பண்ணலை, ஆனாலும் இப்படி விழும், சில சமயம் மாசக்கணக்கா விழும், அப்ப ஆடுறவன் புத்தி கெட்டுப்போகும், அதுக்குப் பேர் டில்ட் என்று நீதான் சொல்லிக் கொடுத்தாய். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தோற்கலாம், அதற்குமேல் லேப்டாப்பை மூடிவிட வேண்டும், விட்டதைப் பிடிக்கப் பெரிய மேசைக்குப் போகவே கூடாது என்று உன் விதிகளை எல்லாம் அம்மாவுக்கும் சேர்த்து விளக்கினாய். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இந்தப் பணம், சீட்டுக்குப் போகக் கூடாது, தோற்கிற நேரத்தில் நானே கேட்பேன், அழுதாலும் கொடுக்காதீங்க என்றாய். நீயாவது அழுவதாவது என்று நான் சிரித்தேன்.

இப்போது என் கதையைக் கேள். செப்டம்பர் மாதம் நீ முதலில் தோற்றேன் என்று சொன்னபோது வீரமாகாளியம்மனுக்கு உன் பெயரில் ஒரு அர்ச்சனை செய்தேன். அக்டோபரிலும் தோற்றாய், வெள்ளிக்கிழமை விரதம் என்று வேண்டிக்கொண்டேன். அதற்கடுத்த மாதமும் அப்படியே என்றதும் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக முருகனிடம் சொல்லிவிட்டேன். டிசம்பரில் நீ பேசியது இன்னும் மோசமாக இருந்தது, பால்குடம் போதாது, காவடியே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்து உன்னிடமும் பெருமையாகச் சொன்னேன். நீ சரிப்பா என்று மட்டும் சொன்னாய், உடனே போன் நின்றுவிட்டது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நீ புதன்கிழமை பேசி முடித்த பிறகு, இந்தத் தடவை அலகு குத்தியே எடுக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள், கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டாள். "அவ தோத்தா நீங்க ஏத்துறீங்க, மறுபடி தோத்தா மறுபடி ஏத்துறீங்க. அடுத்த மாசம் என்ன, தீ மிதிக்கப் போறீங்களா? அப்பனுக்கும் பொண்ணுக்கும் ஒரே வியாதி லா" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, சாமி விஷயத்தைச் சீட்டோடு சேர்த்துப் பேசாதே என்று கத்தினேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அந்தக் கோபத்தோடேயே காவடி கட்டித் தரும் திலீப்பிடம் அளவு கொடுக்கப் போனேன். உனக்குத் தெரியுமே, உன் வகுப்பில் படித்த அனிதாவின் அண்ணன். டேப்பை என் தோளில் வைத்துக்கொண்டே, "அங்கிள், இந்த வயசுல எதுக்கு? என்ன வேண்டுதல்?" என்று கேட்டான். மகள் சீட்டில் ஜெயிக்க வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. பொண்ணு நல்லா இருக்கணும் என்றேன். நல்லா இல்லையா, உடம்புக்கு முடியலையா என்று அவன் பதறிப்போய்க் கேட்டான். அப்போதுதான் நீ போனில் சொன்ன இன்னொன்று எனக்கு உறைத்தது. "தைப்பூசத்துக்குள்ள திருப்பிடறேன்ப்பா, நீங்க காவடியைத் தூக்கிட்டு நடக்கறப்ப நான் தோத்துட்டு உட்கார்ந்திருக்க முடியாது" என்றாயே. அந்த இரண்டு வாரக் கெடு எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. அது நான் வைத்த கெடு. உனக்குப் பலம் சேர்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு உன் தலைமேல் காவடியை ஏற்றி வைத்திருக்கிறேன். திலீப்பிடம் பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். நிரு, எழுந்திருப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. இவ்வளவு தூரம் ஏற்றிவிட்டு இப்போது விட்டால் எல்லாம் வீண் என்று மனசு அடித்துக்கொண்டது, இன்னும் ஒன்றே ஒன்று ஏற்றினால் சாமி திரும்பிப் பார்க்கும் என்று தோன்றியது. கடை வாசலில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். உனக்கும் அந்த மேசையை விட்டு எழுந்திருக்க இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. லேப்டாப்பை மூடு மூடு என்று உன்னிடம் எத்தனை தடவை சுலபமாகச் சொல்லியிருக்கிறேன்.

முருகனிடமே சொல்லிவிட்ட பால்குடத்தை எடுத்துவிடுவேன், அதில் மாற்றம் இல்லை. காவடி இல்லை, அலகு இல்லை. வெள்ளிக்கிழமை விரதத்தையும் விட்டுவிட்டேன், முந்தாநாள் இரண்டு வேளையும் வயிறு நிறையச் சாப்பிட்டேன், அம்மா பார்த்தும் பார்க்காதது போல இன்னொரு கரண்டி வைத்தாள்.

பணத்தை அனுப்ப மாட்டேன். உன் ஆட்டத்தில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளாதே, உன் ஆட்டம் எனக்குப் புரியக்கூட இல்லை. கொடுக்காதே என்று தெளிவாக இருக்கும்போது சொன்னவளும் என் மகள்தான், அவளுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாடகைக்கு வேண்டும் என்றால் சொல், வீட்டுக்காரருக்கே நேராக அனுப்புகிறேன். நீ இதைப் படித்து அழுவாய், கத்துவாய், எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் எழுதுகிறேன். உன்னால் முடிந்தால் ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாமல் இரு. முடியாவிட்டால் சின்ன மேசையில் உட்கார், நீ போட்ட விதிப்படி மூடு. தூக்கம் வராமல் ஆடாதே. ஜன்னல் திரையை எப்போதும் இழுத்தே வைத்திருக்கிறாய், வீடியோவில் பார்க்கிறேன், பகலில் திறந்து வை. இந்தத் தொழிலே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏன் என்று இங்கே யாரும் கேட்க மாட்டோம், மாமா கேட்டால் அம்மா பார்த்துக்கொள்வாள்.

தைப்பூசத்தன்று விடிவதற்குள் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பி டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடப்பேன், அம்மா தண்ணீர்ப் போத்தலோடு கூட வருவாள். அன்றைக்கும் நீ தோற்றுக்கொண்டிருக்கலாம். தோற்றால் தோற்றுப் போ. போதும் என்று எழுந்திருக்கிற மனசை முருகன் உனக்குக் கொடுக்கட்டும், அதற்கு மட்டும்தான் அம்மாவும் நானும் ஆசீர்வாதம் செய்கிறோம். முறுக்கைச் சீக்கிரம் சாப்பிட்டு முடி, அந்தக் குளிரில் நமுத்துப் போகுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். இதைப் படித்ததும் கூப்பிடு, எந்த நேரமானாலும் எடுப்பேன். இன்றைக்கும் தோற்றுவிட்டேன் என்று சொல்வதற்கு மட்டும் கூப்பிட்டாலும் சரி. நீ தோற்றாய் என்பதற்காக இந்த வீட்டில் இனிமேல் யாரும் எதையும் ஏற்றப் போவதில்லை.

உன் அப்பா,
துரைசாமி