எதிர் வீட்டார் சொன்ன பதில்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பேருந்து நிலைய அறிவிப்பாளர் (வயது 71),
மூன்றாம் மாடி, பின்பக்க வீடு.

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்,
முதியோர் எலும்பு நலக் கணக்கெடுப்புப் பிரிவு.

பொருள்: நான் இடுப்பெலும்பு முறிந்து கிடந்த வேளையில், "விழவில்லை" எனப் பதிவு செய்ததைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மழைக்காலத்தில் தங்கள் பணியாளர்கள் எங்கள் பகுதி முதியோரிடம் வீடு வீடாக வந்து, விழுந்தது உண்டா, எலும்பு முறிந்தது உண்டா என்று விசாரித்தார்கள். அதன் முடிவைச் சுகாதார நிலையச் சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள். தனியாக வசிப்பவர்கள்தான் மிகக் குறைவாக விழுகிறார்களாம். ஆகவே, தனியாக வசிப்போர் மிகுந்த எங்கள் பகுதிக்கு வரவிருந்த எலும்பு அடர்த்திப் பரிசோதனைக் கருவி வேறு பகுதிக்குப் போய்விட்டது. படித்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன்.

2. தங்கள் பணியாளர் வந்த அன்று காலை நான் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். எழ முடியவில்லை. மதியம் அவர் கதவைத் தட்டியது நன்றாகக் கேட்டது. கூப்பிட்டேன். பேருந்து நிலையம் முழுக்கக் கேட்கப் பேசிப் பிழைத்தவள் நான்; அன்று தொண்டை வறண்டு வெறும் காற்றுதான் வந்தது. குவளையால் சுவரைத் தட்டினேன். "மேல குழாய் வேலை நடக்குதுங்க" என்று எதிர் வீட்டுப் பெண் அவரிடம் சொன்னாள்.

3. கதவு திறக்காத வீட்டுக்கு எதிர் வீட்டாரைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்பது தங்கள் விதியாம். கேட்டார். "அந்தம்மாவா? கல்லு மாதிரி இருக்காங்க. எனக்கு முன்னாடி படி எறங்குவாங்க. அவங்களாவது, விழறதாவது!" என்றாள். "அப்ப இல்லைன்னே போட்டுக்கறேன்" என்று அவர் இறங்கிப் போனார். குளியலறைச் சன்னல் மாடிப்படிப் பக்கம் இருப்பதால், என்னைப் பற்றிய நல்ல வார்த்தை அத்தனையும் ஈரத் தரையில் கிடந்தபடியே கேட்டேன். இதை யாரிடம் சொல்லி அழ?

4. அந்தப் பெண் மேல் எனக்கு வருத்தமில்லை. தங்கமான பெண். படியில் பார்த்தால் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். எங்கள் பழக்கம் அவ்வளவுதான். உள்ளே நான் எப்படி இருக்கிறேன் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? குடும்பத்தோடு இருப்பவர் விழுந்தால் மகன் சொல்வான், மருமகள் சொல்வாள். தனியாக இருப்பவர் விழுந்தால் யார் சொல்வது? எங்களுக்கு முறிவு குறைவில்லை ஐயா, சொல்ல ஆள் குறைவு.

5. மறுநாள் தண்ணீர் கேன் போடுபவர் சந்தேகப்பட்டுக் கதவை உடைத்தார். அறுவை சிகிச்சை செய்த மருத்துவர், "எலும்பு பொரபொரன்னு போயிருக்கும்மா, முன்னாடியே டெஸ்ட் எடுத்திருந்தா மாத்திரையோட போயிருக்கும்" என்றார். அந்த டெஸ்ட்டுக்கான கருவியைத்தான் வேறு பகுதிக்கு அனுப்பியிருக்கிறீர்கள். இதே கட்டடத்தில் என்னைப் போல் தனியாக இருப்பவர்கள் இன்னும் சிலர் உண்டு. இதுவரை அவர்கள் விழவில்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் நிச்சயமாகத் தெரியாது.

6. ஆகவே, தனியாக வசிப்போர் பற்றி அடுத்தவர் சொன்ன பதில்களை நீக்கி, அவர்களையே நேரில் கேட்டு மறுபடி கணக்கெடுக்கவும், கருவியை எங்கள் பகுதிக்கே வரவழைக்கவும் வேண்டுகிறேன். அந்தப் பணியாளரைத் தண்டிக்க வேண்டாம். விதிப்படிதான் செய்தார், பாவம்.

7. தங்கள் கேள்விகளில் ஒன்று, "விழுந்தபோது அருகில் யார் இருந்தார்கள்?" என்பதாம். மருத்துவமனையிலிருந்து வந்து மாதக்கணக்காகிறது. எப்படி விழுந்தாய் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. மகன் தொலைபேசியில் செலவைத்தான் கேட்டான். தாங்களாவது ஆள் அனுப்பிக் கேளுங்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வர எனக்கு நேரமாகும். தட்டிவிட்டுப் போய்விடாமல், கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள் ஐயா.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
பின்பக்க வீட்டுக்காரி

இடம்: என் வீடு
நாள்: மார்ச் 4