மார்மேல் மாட்டும் பெட்டி

2025 செப்டம்பர் 8, திங்கள்

டாக்டர் இன்று மார்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா கூடிடுச்சு சார். இனிமே நீங்க எப்பவும் போல இருக்கலாம்" என்றார். மே மாதம் பைபாஸுக்காக என் நடுமார்பை அறுத்துக் கம்பி போட்டுக் கட்டிய அதே ஆள்தான். பத்து கிலோ அக்கார்டியனைத் தோளில் மாட்டி, மார்மேல் வைத்து, இழுத்து இழுத்து மூடலாமா என்று கேட்டேன். "தாராளமா வாசிங்க" என்று சிரித்தார். அவருக்கென்ன? கம்பி என் மாரில் அல்லவா இருக்கிறது.

மனைவி வேலம்மாவோடு ஆட்டோவில் திரும்பினேன். மந்தைவெளியில் இறங்கியதும், "டாக்டரே சொல்ட்டாரு. இனிமேவாவது அந்தத் தலைகாணிய வுடுய்யா" என்றாள். இருமல் வந்தால் மார்போடு அணைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் கொடுத்த சிவப்புத் தலையணை. நான்கு மாதமாக வீட்டுக்குள் அது இல்லாமல் நான் நடப்பதில்லை. ஓடும் பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்த கண்டக்டர் நான். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் விட முடியவில்லை.

செப்டம்பர் 10, புதன்

வேலம்மா சமையலறையில் இருந்தபோது, கட்டிலுக்கடியிலிருந்து அக்கார்டியன் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்து வாரை மாட்டி, ஓடப் பாட்டை எடுத்தேன். எங்கள் மெல்லிசைக் குழுவில் எத்தனை கல்யாணம், எத்தனை கோயில் திருவிழா, எல்லாவற்றிலும் ஒன்ஸ்மோர் வாங்கிய பாட்டு. வலது கை எதையும் மறக்கவில்லை. இடது கையால் துருத்தியை இழுத்து, மூடுவதற்காகத் திருப்பினேன்.

டக்.

மார்புக்குள்ளே. அறுத்த இடத்துக்கு நேராக, தோலுக்கடியில் அதிர்ந்தது. கம்பி அறுந்ததா? எலும்பு விலகிவிட்டதா? மூச்சை அடக்கி அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு மெதுவாகக் கழற்றி, உறைக்குள் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். வேலம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் அந்த ஆஸ்பத்திரிக் கட்டில், அந்தக் குழாய்கள், முகத்துக்கு நேரே அந்த விளக்கு. வேண்டாம்.

செப்டம்பர் 11

அந்த டக் வருகிறதா என்று இருமிப் பார்த்தேன். இல்லை. குனிந்து பார்த்தேன். இல்லை. அப்படியென்றால், இழுத்தால்தான் மார்பு திறக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

மதிவாணன் வந்தான். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் நாங்கள். குழுவில் அவன் பாங்கோஸ் தட்டுபவன். அக்டோபர் பன்னிரண்டு, தி.நகரில் பழைய பாட்டுக் கச்சேரியாம். "நம்ம குரூப் ஷீலாதான் பாடுது. நீ வர மச்சி, அவ்ளோதான்" என்றான்.

வாயில் என்ன வந்ததோ. "பெட்டி ரிப்பேர்டா. துருத்தி கிழிஞ்சிபோச்சு." பச்சைப் பொய்.

"அப்ப மகேஷ்தான். அவன் கீபோர்டுல அக்கார்டியன்னு ஒரு பட்டன் கீது. ஆனா அமுக்கினா சத்தம்தான் வருது மச்சி, மூச்சு வர மாட்டேங்குது."

ஒரு பட்டன்! என் இடத்தில் ஒரு பட்டன் உட்காரப் போகிறது. நானே நாற்காலியும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 17

தலையணையை மார்மேல் வைத்து, அதன்மேல் ஓடப் பாட்டின் இடையிசையை விரலால் ஓட்டிக்கொண்டிருந்தேன். வேலம்மா பார்த்துவிட்டாள். "இன்னாய்யா, தலைகாணிக்கு சொறிஞ்சி வுட்டுகினு கீற?"

அவளுக்கு எல்லாம் விளையாட்டு. படுத்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நிம்மதியான பிறவி. நான்தான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

செப்டம்பர் 19

சாவுக்கு நான் பயப்படவில்லை. மார் பிளந்துகொள்ளுமே என்றுதான் பயம்.

பொய். சாவுக்கும் பயம்தான்.

செப்டம்பர் 22, திங்கள்

ஷீலா போன் செய்தாள். "அண்ணா, ஓடப் பாட்டை எடுத்துடச் சொல்லிட்டேன்."

ஏம்மா என்றேன்.

"சரணத்துக்கு முன்னாடி நீங்க வாசிப்பீங்கல்ல, அங்கதான் நான் மூச்சு வாங்குவேன். நீங்க இழுக்கும்போது நானும் இழுப்பேன். மகேஷ் சரியாத்தான் வாசிக்கறாரு, ஆனா எனக்கு மூச்சு வாங்க வரல. எனக்கும் வயசாச்சுல்லண்ணா."

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டாள். என் பயம் என்னோடு நிற்கும் என்று நினைத்திருந்தேன். இப்போது அவளுடைய பாட்டையும் சேர்த்து விழுங்கிவிட்டது.

செப்டம்பர் 25, வியாழன்

நடைப்பயிற்சி முடித்து வந்தால் கட்டிலுக்கடியில் பெட்டி இல்லை.

"மதி வந்துச்சு. ரிப்பேருக்கு எடுத்துகினு போச்சு" என்கிறாள் வேலம்மா. "கிழிஞ்சிகீதுன்னு நீதான சொன்ன?"

ஐயோ. போச்சு. கிழிசல் எங்க கீது அதுல? கடைக்காரங்க பிரிச்சா அடுத்த நிமிஷம் தெரிஞ்சிடும். அசோகன் பொய் சொல்லிகீறான், பயந்து வூட்ல குந்திகினு கீறான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். ஏண்டி குடுத்த, யாரைக் கேட்டுக் குடுத்தன்னு கத்திட்டேன். கத்தும்போதே தலைகாணியத் தேடுது கை. அவ தட்டுல சோத்தப் போட்டு வெச்சிட்டு உள்ள போய்ட்டா.

செப்டம்பர் 26

போனை அணைத்து வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 27, சனி

அணைத்தால் விடுவானா? மதிவாணன் நேராக வீட்டுக்கே வந்து என்னை ஆட்டோவில் ஏற்றினான். சிந்தாதிரிப்பேட்டையில் ஆர்மோனியம் பழுதுபார்க்கும் கடை. அஃப்சருன்னிசா என்ற அம்மாள் நடத்துகிறார். ஆட்டோவில் நான் என்னென்னவோ சமாதானங்களைத் தயார் செய்துகொண்டே போனேன்.

"துருத்தில கிழிசலே இல்லியேண்ணா" என்றார் அவர், எடுத்த எடுப்பில். மதிவாணன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆனா இந்தச் சத்தம் எத்தன நாளா வருது?" பெட்டியை மடியில் வைத்து இழுத்து மூடினார்.

டக்.

என் கை மார்புக்குப் போய்விட்டது. மார்பில் ஒன்றும் இல்லை. மறுபடி இழுத்து மூடினார். டக். என் மார்பு சும்மா இருக்கிறது! பெட்டி அவர் மடியில் இருக்கிறது, சத்தம் அங்கே வருகிறது. உள்ளே ஸ்வரம் எழுப்பும் ரீடு தகடுகளைத் தாங்கும் கட்டை ஒன்று திருகாணி கழன்று ஆடுகிறதாம். இழுத்ததை மூடத் திருப்பும்போதெல்லாம் பக்கத்தில் போய் இடிக்கிறதாம்.

பொய்யாகச் சொன்ன ரிப்பேர் நிஜமாகவே இருந்திருக்கிறது. கடை வாசலிலேயே அழுதுவிட்டேன். "கட்டதான மச்சி, இதுக்குப் போய் அயுவுற?" என்றான் மதிவாணன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு டீக்கடை வரை நடந்தான்.

அக்டோபர் 1, புதன்

பெட்டி நேற்றே வந்துவிட்டது. இன்று ஆயுத பூஜை. சந்தனம், குங்குமம், பூவெல்லாம் வைத்துப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. இன்று அதைத் தொடக்கூடாது. எனக்கு அதில் எவ்வளவு நிம்மதி என்பது சாமிக்குத்தான் தெரியும்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. வேலம்மா பெட்டியைத் தூக்கி வந்து என் எதிரில் வைத்தாள். "வாசி."

முடியவில்லை. கட்டையை முடுக்கியாகிவிட்டது, எனக்குள் ஆடுவது நிற்கவில்லை. அன்று பெட்டி, நாளைக்கு மார்பே டக்கென்றால்? வேறு வழியில்லாமல் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "அன்னிக்கு எனக்கும் கேட்டுது. மார்ல வர சத்தம் அடுப்பங்கர வரைக்கும் கேக்குமா? பொட்டிதான்னு நெனச்சேன்."

அப்ப ஏண்டி சொல்லல?

"நெனப்புதானய்யா அது. பொட்டில ஒண்ணுமில்லன்னு வந்துட்டா நான் இன்னா பண்ணுவேன்? அதான் மதிகிட்ட குடுத்து அனுப்புனேன். சேதி வர வரைக்கும் எனக்குச் சோறு எறங்கல. தெனம் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்து அயுதுகினு கெடந்தேன். நீ பாத்தா இன்னும் பயந்துக்குவ."

வாரை மாட்டினேன். இழுத்தேன், மூடினேன். சத்தம் இல்லை. பாதிப் பாட்டு வாசித்ததும் போதும் என்றாகிவிட்டது. அவள் பாதிக்கே பாயசம் வைத்தாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

தீபாவளிக் கூட்டத்தில் உஸ்மான் ரோட்டில் ஆட்டோ நகரவில்லை. அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது எனக்கு. வேலம்மா கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜவுளிக்கடை பொம்மைகளைப் பார்த்தபடி வந்தாள்.

ஓடப் பாட்டைத் திரும்பச் சேர்த்திருந்தார்கள். ஷீலா பல்லவியை முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. பயத்தோடுதான் இழுத்தேன். பக்கத்தில் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. சரணத்தை எடுத்தாள். ஒரு இடத்தில் விரல் தவறியது, மதிவாணன் சிரித்தான், பாட்டு போய்க்கொண்டே இருந்தது.

அப்போதுதான் முன்வரிசையைப் பார்த்தேன். கட்டைப்பை காலியாகக் கீழே கிடக்கிறது. வேலம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, சிவப்புத் தலையணையை இரண்டு கையாலும் மார்போடு அழுத்திப் பிடித்திருக்கிறாள். நான் இழுக்கும்போதெல்லாம் இன்னும் அழுத்துகிறாள். கச்சேரி முடியும்வரை அப்படியே இருந்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் தலையணைக்காகக் கையை நீட்டினேன்.

"எங்கிட்டயே இருக்கட்டும்யா" என்றாள்.