அணைக்கட்டைக் கொண்டுபோன வெள்ளைக்காரர்கள்

உத்தமபாளையம்,
12-8-1998

கம்பம் பள்ளத்தாக்கையே ஆளப்போகும் இன்ஜினீயரம்மா, என் அக்கா பெற்ற ஒரே சிங்கம், மருமகள் ரெஹானாவுக்கு முகைதீன் மாமாவின் ஸலாம்.

இங்கன எல்லோரும் நலம். வகுப்பில் வாயைத் திறந்தால் உன் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், படிப்பே வேண்டாம், சனிக்கிழமை மெட்ராஸ் வந்து கூட்டிப் போங்கள் என்று எழுதியிருந்தாய். உன் அம்மா அன்றைக்கே உன் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிவிட்டாள். மாமா சும்மா இருப்பேனா? உனக்கு ஆயுதம் அனுப்ப ஷானவாஸ் வாத்தியாரிடம் ஓர் இங்கிலீஷ் அகராதி வாங்கி வந்தேன். ஆட்டுக்கல் கனம். தூக்கியதில் இறங்கிய தோள் இன்னும் ஏறவில்லை.

அந்தச் சிரிப்புக்காரர்களுக்கே தெரியாத வார்த்தையாகத் தேடினேன். 'ஏ' எழுத்தையே தாண்டவில்லை, 'அனிகட்' என்று ஒன்று! பாசனத்துக்கு ஆற்றின் குறுக்கே கட்டும் அணையாம். வந்த வழி? தமிழ் அணைக்கட்டு! நம்ம அணைக்கட்டுதான் ஆத்தா! நான் போட்ட கூச்சலில் மேகமலை ஒரு முழம் நகர்ந்துவிட்டது. சந்தேகமென்றால் சின்னமனூரில் விசாரி.

அகராதியோடு வாய்க்காலுக்கு ஓடினேன். நேற்று நமக்கு முறைத் தண்ணீர். மேல்மடைக்காரர்கள் பாய்ச்சி முடித்துத் தங்கள் மடையை அடைத்துவிட்டதால், நம் மடையைத் திறக்க நம் ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். சேதியைச் சொன்னேன். ஏலே, அப்ப நான் பொறந்ததுல இருந்து இங்கிலீசுதான் பேசுறேனா என்று ஒச்சாண்டி மீசையை முறுக்கினான். நாற்று நட வந்த ஜக்கம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நம்ம வார்த்தைய இப்படிக் கொதறி வச்சிருக்காகளே, அதுக்கு வெக்கப்பட்டு எந்தத் தொரையாவது பெட்டியக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போனாகளா என்று கேட்டாள். வாய்க்கால் கரையே அதிர்ந்தது. நான்தான் சிரிக்கவில்லை. உன் ஞாபகம் வந்துவிட்டது.

ரெஹானா, அந்தத் துரைமார் நம் மடையில் பாய்ச்சிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது உன் முறை. முறை வந்த நேரத்தில் வயலை விட்டு வீட்டுக்குப் போன ஆள் நம் ஊரில் உண்டா? நீயும் கொதறு தாயி, தாராளமாகக் கொதறு.

நீ இல்லாமல் வீட்டில் சத்தமே இல்லை. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. சனிக்கிழமை கட்டாயம் வருகிறேன். ஒரு கூடை பன்னீர் திராட்சை கொண்டு வருவேன், சிரித்த பிள்ளைகளுக்கும் கொடு. ஆனால் அகராதி தூக்கிய இந்தத் தோள் உன் பெட்டியைத் தூக்காது, முன்பே சொல்லிவிட்டேன்.

அல்லாஹ் உன் நாவின் முடிச்சை அவிழ்த்து வைப்பானாக.

துஆவுடன்,
ஒற்றைத் தோள் மாமா
முகைதீன்