தம்பியைப் பாயில் இறக்கிவிட்டோம்

என் அன்பு அம்மாவுக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை, ஆனாலும் கண் சொக்குகிறது. தம்பியைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ போனபோது அவனுக்கு இருபது நாள். அன்றைக்கு அத்தை உன் பச்சைச் சேலையில் தொட்டில் கட்டினாள். அதில் போட்டால்தான் அழுகை நின்றது. அய்யா மிளகாய்க் காட்டுக்கும் நான் பள்ளிக்கூடத்துக்கும் போக, அத்தை பார்வையில் பகல் முழுக்க அதிலேயே கிடந்தான். உன் வாசம் எப்போதோ போய், அவன் மூத்திர வாசம்தான் மிச்சம். இருந்தும், நீயே அவனை வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டோம்.

ஐந்து மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை. பிள்ளை குப்புற விழுந்தால் தெருவுக்கே கொழுக்கட்டை கொடுப்போமே, அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா சலித்துவிட்டாள். “ஒங்க வீட்டுக் கொழுக்கட்டை வாரதுக்குள்ள எனக்குப் பல்லு விழுந்துரும் போல” என்றாள். சிரித்தேன். உள்ளே வந்து அழுதேன்.

தடுப்பூசி போட்ட நர்ஸ் அவனைத் தூக்கிப் பார்த்தார். உடம்பில் குறை தெரியவில்லை, நாளெல்லாம் தொட்டிலில் கிடந்தால் கழுத்துக்கும் கைக்கும் என்ன வேலை என்று கேட்டார். விழித்திருக்கும்போது பாயில் குப்புறப் போட்டு, பக்கத்திலேயே இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கச் சொன்னார்.

காலையில் கிளம்புமுன் ஒரு தடவை, சாயங்காலம் வந்ததும் ஒரு தடவை போடுகிறேன். மூக்கைப் பாயில் தேய்த்துக் கத்துவான். அய்யா வந்து தூக்கித் தொட்டிலில் போட்டுவிடுவார். பத்து நாளாக இதே கதை.

“தாயில்லாப் பிள்ளைய ஏன்த்தா அழ விடுற?” என்றார் முந்தாநாள்.

“அம்மா சேலைக்குள்ளயே கெடந்தா எப்பய்யா நடப்பான்?” என்றேன்.

கேட்டிருக்கக் கூடாதோ? சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார்.

நேற்று மிளகாய் பறித்துவிட்டு வந்தவர், காரம் போகக் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தம்பிக்கு எதிரே தானும் குப்புறப் படுத்தார்.

“ஏலே, இங்கன பாரு. அய்யாவும் கெடக்கேன்ல.”

தம்பி தலையைத் தூக்கினான். நான் ஏழு எண்ணுவதற்குள் மூக்குப்படச் சரிந்து அழுதான். அய்யாவின் கை நீண்டது, பாதியில் நின்றது. அவன் விசும்பிக்கொண்டே மறுபடியும் தூக்கினான்.

அவ்வளவுதான் அம்மா. இன்னும் புரளவில்லை. உன் சேலை இனி அவன் உறங்க மட்டும். உனக்கு வருத்தமில்லையே?

அழுதாலும் தினமும் அவனைப் பாயில் இறக்குவேன். அவன் தானாகப் புரளும் அன்றைக்கு நானே கொழுக்கட்டை அவிப்பேன். முதல் கொழுக்கட்டை உனக்கு. மாவு வேகாவிட்டாலும் பொறுத்துக்கொள்.

பாயோரம் உட்கார்ந்திருக்கும்
உன் மூத்த பிள்ளை